சேமவைப்பு

மக்கள் தாம் ஈட்டும் பொருளை இரு கூறாக்கி, ஒரு கூற்றை அன்றன்றைச் செலவிற்கும், மற்றொரு கூற்றைப் பின்னர் வரற்பாலனவாகிய மூப்பு, பிணி, இழப்பு முதலியவற்றிற்கும் என வகுத்து வைத்தல் யாண்டும் காணப்படும் வழக்கமாம். பின்னையதனைச் சேமவைப்பு என்பர். கை தளர்ந்த காலத்துப் பிறர் கையை எதிர்நோக்காது வாழ்தற்கு இஃது உதவும் என்னும் கருத்தால், உண்ணற்பாலதனை உண்ணாதும் உடுக்கற்பாலதனை உடாதும் அதனைப் பெருக்குவாரும் உளர். இனி, இறைவனை 'வைப்பு' என்னும் பெயரால் அழைத்தல் நம் திருமுறை ஆசிரியன்மார்க்கு உவப்பானதொரு வழக்கு. பொருட்கு உரிய பெயரைப் பொருள் எல்லாவற்றையும் கடந்து நின்ற முதல்வனுக்கு அவர்கள் இட்டு வழங்கியது வெறும் அணிநலம் கருதியோ, அன்றி அதன்கண் ஆராயத்தக்கதோர் உண்மை உளதோ என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளாகும்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். பொருளீட்டலும் ஈட்டியதனைப் பேணலும் சைவ நூல்களாற் கடியப்பட்டன அல்ல. திருத்தொண்டர் புராணம் கூறும் நாயன்மார்களுள் அரசரும், வணிகரும், வேளாளரும், குயவரும், செக்காடுவோரும், பரதவரும் உளர். அவருட் பலர் மனைவி மக்களோடு இருந்து, தத்தம் தொழிலாற் பொருள் பெற்று, அப்பொருளாலேயே தொண்டு செய்தவர். பொருள் இன்றேல் இளையான்குடி மாறனார்க்கு முன்னாளில் அடியார்க்கு அமுதூட்டும் பேறு யாங்ஙனம் வாய்த்திருக்கும்? ஆகலின் பொருளைப் பழித்தல் நம் கருத்தன்று. பொருள் தரும் பயன் வேறு. அதனிடத்து நாம் எதிர்பார்க்கும் புகல் வேறு. சோறும் கூறையும் மருந்தும் பொருளால் வருவன. அவற்றை அதனிடத்துக் கேட்டல் முறையே. ஆயின் மக்கள் அவ்வளவில் அமைவதில்லை. 'இனி எனக்கு அச்சமில்லை' என்று நெஞ்சு துணிதற்கு ஏற்றதொரு நிலையையும் அதனிடத்தே கேட்கின்றனர். இவ்விரண்டாவது கேள்விக்கு விடை தரும் ஆற்றல் பொருட்கு உண்டா என்பதே வினா.

செல்வ நிலையாமையை எடுத்துரைத்து, ஆகலான் செல்வம் புகலாகாது என்று முடித்தல் எல்லா நூலாரும் மேற்கொண்ட நெறி. பட்டினத்தடிகள் வரலாறு சிறுவர்க்கும் தெரிந்தது. அதனை மீண்டும் விரித்தல் வேண்டா. நம் நாட்டு அண்மைக் கால வரலாற்றினின்று ஒன்றிரண்டு காட்டுதல் சாலும்.

1906-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22-ஆம் நாள் சென்னை நகரிற் பெரும்புகழ் பெற்றிருந்த அர்பத்நாட் கம்பெனி முறிவுற்றது. அரசாங்கத்தினும் உறுதியுடையதென்று நம்பி அதன்கண் தம் வாழ்நாள் ஈட்டத்தை இட்டு வைத்த ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வறியராயினர். அதன் தலைவர் பின்னர்ச் சிறைத்தண்டனை அடைந்தார். அதனால் இட்டவர்க்கு இட்ட பொருள் மீண்டதில்லை.

இதனினும் பெரியது பர்மாவின் நிகழ்ச்சி. செட்டிநாட்டு நகரத்தார் சிவபத்தியிற் சிறந்தவர் என்பதும், பாடல்பெற்ற தலங்கள் பலவற்றைத் தம் பெரும் பொருளாற் புதுக்கியவர் என்பதும் சைவவுலகம் நன்றியோடு போற்றும் செய்திகள். தம் கணக்கேடுகளில் மகமை என ஒரு பங்கை அறத்திற்கென்று ஒதுக்கி எழுதிய பின்னரே ஊதியம் கண்டவர் அவர். பர்மாவிற் சென்று வாணிகம் நடாத்திய இடங்களிலும் தண்டாயுதபாணிக் கடவுட்குக் கோயில் எடுத்தனர். அவர் தொழில் உழவர்க்குக் கடன் கொடுத்தல்; நிலம் வாங்குதல் அவர் நோக்கமன்று. 1930-ஆம் ஆண்டையடுத்து உலகெங்கும் விலைவீழ்ச்சி நேர, நெல் விலை சரிந்தது. கடன் பட்ட உழவர் பணத்திற்கு ஈடாக நிலத்தையே கொடுப்பாராயினர். கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் விளைநிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்காக இருந்த அவர் உடைமை, 1937-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பங்காயிற்று. கையிலுள்ள பணம் ஓடிப்போகும், நிலம் யாண்டுப் போகும் என்று உலகத்தார் கூறுவர். அந்நிலமே போயிற்று. 1942-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இரங்கூன் நகர் சப்பானியர் வயமாயிற்று. இந்தியர் பல நூறாயிரவர் கடல்வழியும், மலையும் காடும் கடந்து கால்நடையாகவும் தாய்நாடு நோக்கினர். வழியிற் பட்டினியாலும் நோயாலும் மாண்டார் பலர். போர் முடிந்தபின், 1948-இல் இயற்றப்பட்ட நிலச்சட்டம் எஞ்சிய நம்பிக்கையையும் கொண்டு சென்றது; 1963-இல் வங்கிகளும் அரசுடைமையாயின. இரண்டு மூன்று தலைமுறை ஈட்டிய பொருள் பத்திரங்களில் மட்டும் எஞ்சி நின்றது.

ஈண்டு ஒருசாரார், அவர் கடன்பட்டாரை வருத்தியதன் பயன் இஃதென்றும், மற்றொருசாரார், அவர் வழிபட்ட தெய்வம் அவரைக் காத்திலது என்றும் கூறுவர். முன்னையது, பிறர்க்கு நேர்ந்த துன்பத்திற்கு உடனே வினைக்கணக்கு எழுதிவிடும் வன்னெஞ்சர் கூற்று. மலைவழியில் மாண்டவருட் கூலியாளரும் குழவிகளும் இருந்தனர். அவர் யாரை வருத்தினர்? பின்னையதற்கு விடை கூறுதல் எளிதன்று; கூறாது விடுதலும் முறையன்று. கோயில் புதுக்கிய கைகளும் வெறுங்கையாய் மீண்டன என்னும் உண்மையை மறைத்துவிட்டு இறைவனே புகல் என்று எழுதுவது, எழுதுவோர்க்கு எளிது, இழந்தோர்க்குப் பயன்படாது. அவ்விடையை நோக்கியே மேற் செல்கின்றாம்.

நிலையாமை ஒன்றே கூறி முடிப்பின் கூரிய அறிவினர் ஒருவர் எதிர்த்து வினவுவர்: 'ஓரிடத்தில் வைத்தமையாலன்றோ இழந்தனர்? பல்வேறிடத்துப் பகுத்து வைப்பேம். வங்கியில் இட்ட பணத்திற்கு நம் நாட்டிற் காப்பீடும் உண்டு. 1962-இல் ஒருவர்க்கு 1,500 ரூபாய் அளவில் தொடங்கிய அது 2020-இல் 5,00,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அறிவும் விழிப்பும் உடையார்க்குப் பொருள் நிலைக்கும்' என்று. இஃது ஒரு வகையாற் பொருந்துவதே. விழிப்புடையான் பொருள், விழிப்பிலான் பொருளினும் நெடிது நிற்றல் கண்கூடு. ஆகலான், வாதத்தின்பொருட்டு, ஒருவன் செல்வம் அவன் இறுதிக்காலம் வரை ஒரு காசும் குறையாது நிலைத்தே நிற்கும் என்று கொள்வோம். கொண்ட பின்னரும் அஃது அவனுக்குப் புகலாதல் கூடுமோ?

கூடாது என்பதே சித்தாந்த நூற் கருத்தினின்று பெறப்படுவது. காவல் என்பது காப்பதற்கும் காக்கப்படுவதற்கும் உள்ளதொரு தொடர்பு. காப்பது தன்னாற் காக்கப்படுவதனை அறிதல் வேண்டும். தாய் குழவியைக் காக்கின்றாள் எனின், குழவி அழுமுன் அதன் பசியை அவள் அறிகின்றாள் என்பதே அதன் பொருள். பொன்னோ சடம். பெட்டகத்திலுள்ள பொன் தன்னை உடையான் இவன் என்றும், கவர வந்த கள்வன் இவன் என்றும் பிரித்தறியாது. இருவர் கையிலும் ஒரே மாற்றினதாய் ஒளிவிடும். உடையான் நோயுற்றுக் கிடப்பின் தானே எழுந்து சென்று மருத்துவனை அழையாது. அவன் இறந்த மறுகணம், அவனுக்கு எத்துணை உண்மையுடையதாயிருந்ததோ அத்துணை உண்மையோடு அடுத்தவனுக்கு உரியதாகும். தன்னை அறியாத ஒன்றனிடத்துத் தன்னை ஒப்புவித்து அமைதி பெற விரும்புதல், சுவரைத் தழுவித் தாயன்பு தேடுதல் போலும்.

அற்றேல், 'பொருள் அறியாதாயினும் அதனை உடைய உயிர் அறிவுடைத்தன்றோ. அறிவுடைய உயிர் அறிவற்ற பொருளை ஏவித் தன்னைக் காத்துக்கொள்ளும், வேலினை ஏந்திய வீரன்போல' எனின், நன்று. அங்ஙனமாயிற் புகலாவது பொருளன்று, உயிரின் அறிவே என்பது அவ்வினாவாலேயே பெறப்பட்டது. இனி அவ்வறிவு தானே நிற்கும் தன்மையதா என்று பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு நாளும் இரவில் நிகழ்வதனையே சான்றாகக் கொள்க. நூறு காணி நிலமுடையானும் நூறு காசுடையானும் உறங்குகின்றனர். கனவும் அற்ற உறக்கத்தில் முன்னவன் தன் நிலத்தை அறியான். தன் பெயரை அறியான். தான் ஒருவன் உளன் என்பதனையும் அறியான். கருவிகள் ஒவ்வொன்றாய்க் கழன்று, உயிர் அறிவு விளங்காது கிடக்கின்றது. அந்நிலையில் அவனை அவன் அறிவு காத்ததில்லை; அவன் பொருளும் காத்ததில்லை. விடியலில் அக்கருவிகள் மீண்டும் கூடி, நேற்றைய நினைவோடும் நேற்றைய பெயரோடும் அவன் எழுகின்றான். எழுப்பியவர் யார்? அவத்தைகளை நம் ஆசிரியர் இத்துணை விரிவாக ஆராய்ந்தது வெறுங் கணக்கறிதற்கு அன்று. உயிர் தன்னை மறந்து கிடந்த இடத்தும் அதனை மறவாது உடனின்ற ஒருபொருள் உண்டு என்று அவ்வாராய்ச்சி காட்டுகின்றது. நாள்தோறும் ஓரிரவு நாம் அனைத்தையும் இழக்கின்றோம், இழந்தும் கெடுவதில்லை.

உயிரைச் சதசத்து என்று சிவஞானபோதம் ஏழாஞ் சூத்திரத்தில் மெய்கண்டதேவர் நிறுவுவர். சத்தாகிய சிவத்தை நேரே அறியும் தகுதி தனக்கெனப் பெறாததும், அசத்தாகிய உலகோடு ஒன்றாய்ப் போகாததுமாய், இரண்டனோடும் கூடி அறிதற்குரியது உயிர். அதன் தனியியல்பு எதனைச் சார்கின்றதோ அதன் வண்ணமாதல். பளிங்கு தன்னை அடுத்த நிறத்தையே காட்டுதலும், கண் இருளில் இருளேயாய் ஒளியில் ஒளியேயாய் நிற்றலும் இதற்கு ஆசிரியர் காட்டும் உவமைகள். இவ்வொரு கொள்கையில் நம் வினாவுக்கு விடை முழுதும் அடங்கியுள்ளது என்பது எளியேன் துணிபு. சார்பின்றி நிற்றல் உயிர்க்கு இயலாது. ஆகவே 'நான் எதனையும் சாரேன்' என்பான் உண்மையில் தான் சார்ந்ததனை அறியாதவனே. எதனைச் சார்வது என்பதொன்றே நம்முன் உள்ள தெரிவு. பொருளைச் சார்ந்த உயிர் பொருளின் தன்மை எய்தும். பொருளின் தன்மையாவது ஏறுதலும் இறங்குதலும், கைமாறுதலும், பூட்டப்படுதலும். எனவே அவ்வுயிரும் விலை ஏற ஏறி, விலை இறங்க இறங்கி, யார் கையிற் செல்வேமோ என்று நடுங்கி, பூட்டுண்டு கிடக்கும். செல்வம் நிலைத்தே நின்றாலும் இந்நடுக்கம் போவதன்று. குறைவற்ற செல்வமுடையார் பலர் துயிலின்றி இருத்தலை யாவரும் காண்கின்றோம். குறை செல்வத்தின் அளவிலன்று, சார்பின் வகையில் உள்ளது.

சிவத்தைச் சார்ந்த உயிரோ அதன் தன்மை எய்தும். அம்முதல்வன் அறிவே வடிவானவன். உயிர் தன்னை அறிவதற்கு முன்னரே அதனை அறிந்தவன். வேண்டியது செய்யும் ஆற்றலும் கருணையும் உடையவன். இவற்றினும் சிறந்தது, அவன் உயிர்க்கு உயிராய் உடனிருத்தல். பொருள் உயிர்க்குப் புறம்பானது, உடம்பும் புறம்பே. புறம்பானது எத்துணை அணுக்கமாயினும் ஒருநாட் பிரியும். அத்துவிதமாய் நிற்கும் ஒன்றற்கே பிரிதல் என்பது இல்லை. அவனை 'வைப்பு' என்று ஆசிரியர் கூறியது அணிநலம் கருதியதன்று என்பது இதனால் விளங்கும். ஓரிடத்தில் இட்டு வைத்து, வேண்டுங்கால் எடுத்துக்கொள்வதனை வைப்பு என்கின்றோம். இடமும் காலமும் உடம்பும் மாறிய பின்னரும் எடுத்துக்கொள்ளக் கிடப்பது அவன் ஒருவனே ஆதலின், அப்பெயர் முதற்கண் அவனுக்கே உரியது. பொன்னிற்கு அது கடனாக வந்தது எனலாம்.

இனி மேலே நிறுத்திய வினாவிற்கு வருவோம். பர்மாவிற் பொருளிழந்த அன்பரை இறைவன் காத்தானல்லனோ எனின், அவன் காப்பது உயிரை. செல்வத்தின் வரவையும் போக்கையும், உயிர் கருவில் எய்தும்போதே வினைக்கேற்ப அமைக்கப்பட்ட ஆறனுள் வைத்துச் சிவஞான சித்தியார் ஓதுகின்றது. வரவை ஊட்டும் கை எதுவோ போக்கை ஊட்டும் கையும் அதுவே. அது பகைவன் கை அன்று. இங்ஙனம் கூறுதல், இழந்த ஒருவர் முன் நின்று 'உமது வினை' என்று கூறுதல் ஆகாது. சித்தாந்தக் கொள்கை ஒருவன் தன் நெஞ்சிற்குத் தானே கூறிக்கொள்ளற்கு மருந்து; பிறன் புண்ணில் எறிதற்குக் கல் அன்று. இக்கொள்கையைப் பேசுவார் பலர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுதல் வருந்தத்தக்கது.

பொருளை விட்ட அளவானே புகல் எய்தும் என்பாரும் உளர். அது பொருந்தாது என்பதற்குத் திருநாவுக்கரசு நாயனாரின் இளமை வரலாறே சான்று. மருணீக்கியார் என்னும் பிள்ளைப்பெயரோடு திருவாமூரில் வளர்ந்த அவர், தந்தையார் புகழனாரையும் தாயார் மாதினியாரையும் அடுத்தடுத்து இழந்தார். தமக்கையார் திலகவதியார்க்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் போரில் மாய்ந்தார். உலகநிலையாமையை இவற்றாற் கண்கூடாக உணர்ந்தவர், இருந்த செல்வத்தை அறச்சாலை, தண்ணீர்ப்பந்தர் முதலியன அமைத்து வாரி வழங்கினார். நிலையாமை உணர்வும் துறவும் இவரிடத்தினும் மிக்கு வேறெங்கே காணப்படும்? எனினும் அவர்க்கு அமைதி வந்திலது. மெய்ந்நெறி யாதெனத் தேடிச் சமண்சமயம் புக்கு, அங்கே தருமசேனர் எனத் தலைமையும் எய்தினார். சூலைநோய் பற்றியபோது அத்தலைமையும் அவர் கற்ற மந்திரங்களும் ஒருங்கே பயனற்றுப் போக, தமக்கையார் உறையும் திருவதிகையை அடைந்து அம்முதல்வன் திருவடியைப் பற்றினார். பொருளை விட்டது முன்னர். புகல் அடைந்தது பன்னாட் பின்னர். இடைப்பட்ட காலம் நமக்கு ஒரு பாடம் கற்பிக்கின்றது. வெறுங்கை நிறைந்த கையாகாது.

அவ்வடிகள் புகலடைந்த பின்னரும் அவர்க்கு இடையூறு இன்றி இருந்ததா? அதன் பின்னரன்றோ நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லொடு கட்டிக் கடலில் இடுதலும் வந்தன! இடர் வாராமையே காவல் என்று கருதுவோர் இவ்வரலாற்றை மீண்டும் ஒருமுறை பயில்வாராக.

இனி, இறைவனைச் சார்ந்தேம் என்று தாமே கருதிக்கொண்டு, உண்மையிற் பொருளையே சார்ந்திருப்பார் ஒரு பகுதியினர் உளர். அவர் வாணிகம் பெருகின் இன்னது செய்வேம் என்று நேர்ந்துகொள்வர், பெருகியவழிச் செய்வர், பெருகாவழித் தெய்வத்தின்மேற் குறைகூறுவர். நேர்த்திக்கடன் செய்தல் தவறென்று கூறுகின்றேமில்லை. எளியோர் தம் குறையை அப்பனிடம் முறையிடாது வேறு யாரிடம் முறையிடுவர்? ஆயின் ஒன்று நோக்குக. இவர் நெஞ்சில் தலைமையிடத்தில் இருப்பது பெட்டகம்; இறைவன் அப்பெட்டகத்தின் வாயிலில் நிறுத்தப்பட்ட காவலாளி. காவலாளி தவறிழைத்தால் அவனை மாற்றுதல் உலக வழக்கு. இவரும் ஒரு தலத்தை விட்டு மற்றொரு தலத்தை நாடிக் கொண்டேயிருப்பர். வைப்பு இன்னது, வைப்பைக் காப்பது இன்னது என்னும் முறை இவரிடத்துத் தலைகீழாயிற்று.

இவர் தம் கொள்கைக்குக் குங்கிலியக்கலய நாயனார் வரலாற்றைத் துணைகொள்வர். திருக்கடவூரில் எல்லாம் இழந்தும் தொண்டு விடாதவர்க்கு இறைவன் மனை நிறையச் செல்வம் கொடுத்திலனோ என்பர். அவ்வரலாறு அவர்க்குத் துணையாகாது. மனைவியார் நெல் வாங்குதற்கெனத் தம் தாலியைக் கழற்றிக் கொடுக்க, நாயனார் அதற்குக் குங்கிலியம் வாங்கித் திருக்கோயிலிற் சேர்ப்பித்து ஆங்கே தங்கினார். கொடுத்தால் வரும் என்று கணக்கிட்டுச் செய்தவர் அல்லர். கணக்கு அவர்க்கு மறந்தே போயிற்று. மனையில் மக்கள் பசித்திருந்தனர் என்பதனைச் சேக்கிழார் பெருமான் மறைத்தாரில்லை. படிப்போர் நெஞ்சம் அவ்விடத்தில் துணுக்குறுதல் இயல்பே. துணுக்குறல் வேண்டும் என்பதும் எம் கருத்து. தனது, என் மக்கள், என் மனைவி என்னும் உடைமையுணர்வு முற்றும் சிவன்பாற் சென்றொடுங்கிய ஒருவர் செயல் அது. அவ்வுணர்வு நீங்காத நம்மனோர் மனைவி மக்களைப் பட்டினியிட்டுவிட்டுக் கோயிற்றொண்டு செய்தேம் எனின், அது தொண்டன்று, கொடுமையே. மற்றும் ஒன்று: அன்றிரவு இறைவன் அருள் முதலிற் சென்றது யாரிடத்து? பசித்துத் துயின்ற அம்மையாரிடத்தே அன்றோ. அவர் கனவில் அறிவித்து, மனையை நிறைத்து, அடிசில் ஆக்கக் கண்ட பின்னரே, கோயிலிலிருந்த அன்பரைப் பசி தீர மனைக்குச் செல்க என்று பணித்தருளினான். தொண்டர் மறந்த அப்பசியை முதல்வன் மறந்தானில்லை. பெற்ற செல்வத்தை நாயனார் பூட்டி வைத்ததாகவும் வரலாறு இல்லை. அடியார்க்கு அமுதூட்டிய கையினராகவே பின்னும் வாழ்ந்தார்.

பசித்தார் முன் செல்வநிலையாமை பேசுதல் பற்றியும் ஒருசொற் கூறுதல் வேண்டும். உண்டு உடுத்து, வட்டியும் வாடகையும் தவறாது வரப்பெற்று, அந்நிலையிலிருந்துகொண்டு வறியாரை நோக்கிப் 'பொருள் பொய், இறைவனே மெய்' என்று உபதேசிப்பார் சிலர். சொல் உண்மையே, சொல்லும் இடம் பொய்யாயிற்று. திருவீழிமிழலையில் வற்கடம் நேர்ந்து அடியார் வருந்தியபோது திருஞானசம்பந்தப் பெருமானும் திருநாவுக்கரசு நாயனாரும் நிலையாமை பேசினாரல்லர். இறைவன் நாள்தோறும் பீடத்தில் வைத்தருளிய காசைக் கொண்டு பண்டம் வாங்கி அடியார்க்கு அமுதூட்டினர். அக்காசுகளுள் கைத்தொண்டு செய்யும் அரசர் பெற்றது வாசியின்றிச் செல்ல, பிள்ளையார் பெற்ற காசிற்குக் கடைத்தெருவினர் வட்டம் கேட்டனர். அதனாற் பிள்ளையார் மடத்தில் அமுது காலந்தாழ்த்தது. காசு இறைவன் கையினின்று வந்ததாயினும் கடைத்தெருவிற் புகுந்தபின் கடைத்தெருவின் முறைக்கே உட்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பிள்ளையார் அக்குறையைக் கொடுத்தவனிடமே முறையிட்டு வாசி தீரப் பெற்றார். பசியை நீக்கப் பொருள் வேண்டும் என்றறிந்து அதனைக் கேட்டனர். பெற்றதனை அன்றே செலவிட்டனர். நாளைக்குரியதனை நாளை தருவான் என்று அவனையே வைப்பாகக் கொண்டனர். மறுநாட்குக் காசு மிஞ்சியதில்லை. மறுநாட் காசு தவறியதும் இல்லை.

'அற்றேல் சுந்தரமூர்த்தி நாயனார் பொன்னும் நெல்லும் வேண்டி வேண்டித் தலந்தோறும் பாடியது என்னை? பொருளைச் சார்ந்தமை அன்றோ?' என்று வினவுவர். இவ்வினா அன்பர்கள் நெஞ்சிலும் அவ்வப்போது எழுவதே. திருமுதுகுன்றத்தில் அவர் பெற்ற பொன் 12,000. அதனைத் திருவாரூரார் கண்டு வியக்கக் கொண்டு சேர்ப்பித்தல் வேண்டும் என்று அவர் விண்ணப்பிக்க, மணிமுத்தாற்றில் இட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்க என்று இறைவன் பணித்தான். மாற்றறிதற்கு ஒரு சிறு துண்டை மட்டும் கையிற்கொண்டு, எஞ்சியது அனைத்தையும் ஆற்றில் இட்டார். ஆற்றிலிட்டுக் குளத்தில் தேடுதல் என்று உலகத்தார் இன்றும் பேதைமைக்கு உவமை கூறுவதை அவர் மெய்யாகவே செய்தார். பொருளைச் சார்ந்த ஒருவன் இதனைச் செய்வானோ? ஒரு காசைத் தவறவிட்டால் விளக்கேற்றித் தேடுபவன், பன்னீராயிரத்தை ஓடும் நீரில் விடுவனோ? பரவையாரோடு ஆரூர்க் குளத்தில் இறங்கித் தேடியபோது பொன் உடனே அகப்பட்டிலது, பாடியபின் வந்தது, வந்ததும் கைத்துண்டோடு ஒப்பிடுகையில் மாற்றுக் குறைந்திருந்தது, மீண்டும் பாடி அதனையும் நிறைவு செய்துகொண்டார். தோழனோடு கணக்குப் பார்க்கும் உரிமை இது. அவர் நெஞ்சு நின்ற இடம் பொன்னன்று, பொன்னை வாங்கிக்கொண்டு திருப்பித் தருபவனிடத்தில். ஆற்றின்மேல் அன்று, ஆணையின்மேல் நம்பிக்கை வைத்து அவர் அதனை இட்டார்.

இவ்வரலாற்றினருகே மற்றொரு குளக்கரையை வைத்துக் காண்க. திருப்புகலூரில் முதுமையெய்திய திருநாவுக்கரசு நாயனார் உழவாரம் ஏந்தித் திருமுற்றத்திற் புற்களைந்துகொண்டிருக்கையில், பருக்கைக்கற்கள் கிடந்த இடமெல்லாம் பொன்னும் நவமணியும் விளங்கும்படி இறைவன் செய்தான். ஆரூரர்க்கு வேண்டியிருந்தது இவர்க்கு வேண்டாததாயிற்று. இவர்க்கு மனையில்லை, பரவையார் இல்லை, ஊட்டுதற்கு அன்று பசித்தோரும் இல்லை. ஒருவர் குளத்திலிருந்து பொன்னை எடுத்தார்; மற்றவர் குளத்தில் பொன்னை எறிந்தார். இரண்டனுள் எது உயர்ந்ததென்று வழக்கிடுதல் வீண். அரசர் அப்பொன்னைக் கண்டு மகிழ்ந்தாருமில்லை, வெறுத்து விலகினாருமில்லை. கல்லும் மணியும் ஒருங்கு உழவாரத்தில் ஏந்தி, இரண்டையும் வாவியில் எறிந்துவிட்டுத் தம் பணியைத் தொடர்ந்தார்.